இடத்தை லாரியில் ஏற்றி அனுப்பிய அத்தை

அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். முதலாளிக்கும் அத்தை, சுமை தூக்கும் ஒட்டகத்துக்கும் அத்தை. ஒட்டகம் என்பது அவன் உயரத்துக்கு அவள் வைத்த பெயர். இப்போது அவனைப் பெற்றவளே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வாளி, சோப்பு, துடைப்பம், குக்கர் என்று வீட்டுச் சாமான்கள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து இறங்கும், அங்கிருந்து கடைகளுக்குப் போகும். எது எங்கே கிடக்கிறது என்பது அத்தையின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தலை.

மற்றவர்களுக்கு அது பெருமையாகத் தெரிந்தது. அத்தைக்கு அது கால்கட்டு. காய்ச்சல் என்று படுத்தால் வீட்டுக்கே ஆள் வந்துவிடும். மூத்த மகள் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தபோது முதலாளியிடமிருந்து போன் வந்தது, பெரிய வாளி எங்கே என்று. வாயால் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஓடினாள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பேரன் துணியில் சுற்றிக் கிடந்தான். மகள் அதை இன்றுவரை விடவில்லை. சண்டை எதில் தொடங்கினாலும், "என் பிரசவத்துக்கு வாளி தேடப் போனவதானே நீ!" என்றுதான் வந்து முடியும்.

இப்போது இளையவள் மாசமாக இருந்தாள். இந்தத் தடவையாவது பக்கத்தில் இருக்க வேண்டும். அத்தைக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் பெண் ஒருத்தி கையில் ஒரு மெஷினோடு வந்தாள். அத்தை ஆடித் தீர்க்கப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அத்தை, உங்க வேலைக்கு வேட்டு வைக்க வந்திருக்கு," என்றான் ஒட்டகம்.

"வைக்கட்டும்டா, உனக்கென்ன வயிறு எரியுது? நீ சொல்லும்மா."

"பெட்டிக்கு ஒரு சீட்டு, இடத்துக்கு ஒரு சீட்டு, அத்தை. சரக்கு வந்ததும் மெஷினைப் பெட்டி மேல ஒரு தடவை காட்டணும், வைக்கிற இடத்துல ஒரு தடவை காட்டணும். எது எங்க இருக்குன்னு அதுவே ஞாபகம் வச்சுக்கும். கடைக்காரர் சரக்கு கேட்டா, இந்த இடத்துக்குப் போ, இத்தனை எடுன்னு சொல்லும். முன்னாடி வந்ததை முதல்ல எடுக்கச் சொல்லும், அதனால எதுவும் மூலையில கிடந்து கெட்டுப்போகாது."

"சோறு கீறு போடணுமா அதுக்கு?"

"சார்ஜ் போட்டாப் போதும்."

"எனக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும். அதுவும் போன் புண்ணியத்துல."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். எழுத்தைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறம் வைத்தாள். பச்சை ஏழு, சிவப்பு மூன்று என்று சீட்டுகள் வந்தன. "இதையெல்லாம் இடத்துல ஒட்டிடுங்க அத்தை," என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

வினை அங்கேதான் பிடித்தது. அந்தக் கிடங்கில் இடத்துக்கென்று தனியாகப் பெயர் இருந்ததில்லை. வாளி அடுக்கிய இடத்துக்குப் பெயர் வாளி, சோப்பு இருந்த இடம் சோப்பு. "குக்கரைக் கொண்டுபோய் வாளியில வைடா," என்றால் வாளிக்குள் வை என்று அர்த்தமில்லை, வாளிகள் இருக்கும் பக்கம் வை என்று அர்த்தம். ஆகவே இடத்தில் ஒட்டு என்றதும் அத்தை நேராகப் போய் வாளிப் பெட்டியில் ஒட்டினாள், சோப்புப் பெட்டியில் ஒட்டினாள். உரிந்து வராதபடி உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு வாளி விற்றது, சோப்பு விற்றது. புது லோடு வந்தது. அதைப் பச்சை ஏழில் வை என்றது மெஷின். ஒட்டகம் போனால் அங்கே வெறும் இரும்புத் தட்டு. இடத்துச் சீட்டைக் காட்டு என்று மெஷின் கேட்டது. காட்ட ஒன்றுமில்லை. இறங்கிய லோடு உள்ளே போக வழியில்லாமல் வாசலிலேயே நின்றது. முதலாளி கத்தினார். கம்ப்யூட்டர் பெண் ஓடி வந்து தட்டுகளைத் தடவிப் பார்த்தாள்.

"சீட்டெல்லாம் எங்க?"

"வாளியிலதான் ஒட்டினேன்," என்றாள் அத்தை.

"அந்த வாளி எங்க?"

"கடைக்குப் போயிடுச்சு."

அந்தப் பெண் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை! இடத்தையே லாரியில ஏத்தி அனுப்பிட்டீங்களே!"

ஒட்டகம் விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா. மெஷினை எடுத்துட்டுப் போ. அத்தை இருக்கறவரைக்கும் எனக்கென்ன கவலை?"

அத்தை மெஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் எல்லாம் தன் தலைக்குள்ளேயா? அப்படியானால் இளையவளுக்கும் வாளிதான்.

"மெஷின் மேல தப்பில்ல. நான்தான் கதவு நம்பரைக் கொண்டுபோய்க் குடித்தனக்காரன் முதுகுல ஒட்டியிருக்கேன். அவன் காலி பண்ணிட்டுப் போனா நம்பரும் கூடத்தானே போகும்? இரும்புல ஒட்டியிருக்கணும்."

"அதான் நீங்க இருக்கீங்களே அத்தை..." என்றார் முதலாளி.

"நாளைக்கே நான் மண்டையைப் போட்டா? என் தலையைக் கழட்டித் தட்டுல வச்சுப்பியா?"

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில!"

"நல்ல வார்த்தைதான் சொல்றேன். நான் காய்ச்சல்ல கிடந்தப்போ சோப்பு இல்லைன்னு புதுசா வாங்கிக் குவிச்சியே, பழசெல்லாம் துடைப்பத்துக்குப் பின்னாடி நனைஞ்சு கூழாக் கிடந்துச்சே, மறந்துட்டியா? அன்னிக்கு இது இருந்திருந்தா சொல்லியிருக்கும்."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "சரி, மெஷின் இருக்கட்டும்," என்றார். புதுச் சீட்டுகளை அத்தையே இரும்பில் ஒட்டினாள். ஒவ்வொன்றையும் ஒட்டிவிட்டு, "நீ இங்கயே கிட," என்று ஒரு தட்டுத் தட்டினாள்.

இளையவளிடம் கிளம்புவதற்கு முந்தின நாள் வாசலில் காவல்காரரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஒட்டகம் மெஷினோடு தனியாக நின்றான்.

"அத்தை, சின்ன குக்கர் எங்க?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு கத்தினாள்: "நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ! அதுகிட்ட கேளு!"

தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. பிறகு மெஷின் கீக் என்றது. சின்ன குக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒட்டகம் வெளியே வந்தான். சரியான பெட்டி. அத்தைக்கு நெஞ்சுக்குள் என்னவோ சுருக்கென்றது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மகளிடம் போய்விட்டாள்.

இளையவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோன சமயத்தில் போன் அடித்தது. முதலாளி.

"வந்துடுச்சு பாரு, வாளி!" என்றாள் பக்கத்தில் இருந்த மூத்தவள்.

அத்தை போனைக் காதில் வைத்தாள். "என்ன?"

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. லோடெல்லாம் ஒழுங்காப் போகுது. கடைசியா வந்த அன்னிக்கு உங்க சாப்பாட்டு டப்பாவை எங்க வச்சீங்க? கிடங்கே நாறுது. மோந்து மோந்து தேடறோம்."

"வாளியிலதான் வச்சேன்."

"வாளி இப்ப வாளியில இல்லையே அத்தை. மெஷின் அதைப் பின்வரிசைக்கு மாத்திடுச்சு."

"அப்ப மெஷினையே கேளு."

"டப்பாவுக்குச் சீட்டு ஒட்டலையே!"

உள்ளேயிருந்து, "அம்மா!" என்று இளையவள் அலறினாள்.

"நாறட்டும் போ," என்று அத்தை போனை மூத்தவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.