காப்பாவின் தலையில் பால்செம்பு

லீலாவதி போய்விட்டார் என்று குட்லண்ட்ஸிலிருந்து பழைய ஆலைத் தோழி மாலா தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். சொல்ல வேண்டியதை இனி அவரிடமே சொல்ல முடியாது என்ற பயம். "கூட வேலை பார்த்தவர் நீங்கள்தானே, மலருக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள்" என்று நம் தமிழ்ச் சங்கத்தில் கேட்டார்கள். எழுதுகிறேன்.

எங்கள் பனியன் ஆலையில் அச்சுக்குப் படம் வரைந்தவர் அவர். ட்ரியோலேயிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். நான் ஈரோட்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த பிரிண்டிங் மாஸ்டர். மனைவியும் மகளும் ஊரில். ஆலையில் என்னோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான், அதுவும் கோயிலில் கற்ற கொஞ்சம் தமிழ். மிச்சத்தை உள்ளூர்க் கிரியோல் மொழியால் நிரப்புவார். நான் முகம் வாடி உட்கார்ந்தால், "பா காஸ் லாதேத், அண்ணா" என்பார். மண்டையை உடைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். இந்தத் தீவில் என்னை அண்ணா என்று கூப்பிட வேறு யார் இருந்தார்கள்?

ஒரு தைப்பூசத்துக்கு முன் ஜப்பான்காரர்களிடமிருந்து குழந்தைச் சட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. அவர்கள் ஊர்ப் பூதங்கள்தான் படம். ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாகக் குதிக்கும் பழைய குடை, கழுத்து முழம் முழமாக நீளும் பெண், ஆற்றில் வாழும் காப்பா. காப்பாவுக்கு ஆமை ஓடு, பறவை அலகு, சின்னப் பிள்ளை உயரம். லீலாவதிக்குக் காப்பாவைப் பிடித்துப்போயிற்று. "லி து செல், அண்ணா. பாவம்" என்றார். தனியாக இருக்கிறானாம்.

வந்த நகலில் காப்பாவின் தலை மட்டும் மை அப்பிக் கிடந்தது. கூட இருந்த குறிப்பு ஆங்கிலத்தில். படித்துச் சொல்வது என் வேலை.

"தலையில என்ன, அண்ணா?" என்று கேட்டார்.

அன்று ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. என் படத்தைக் காட்டினால் மகள் யார் என்று கேட்கிறாளாம். நான் கடிதத்திலிருந்து தலை நிமிராமலே, "ஏதோ பாத்திரம். சிந்தினா அவன் பலமெல்லாம் போயிடும்" என்றேன்.

அவர் காவடிக்காகப் பத்து நாள் விரதத்தில் இருந்தார். தலையில் பாத்திரம், சிந்தக் கூடாது என்றால் அவருக்கு வேறு என்ன தோன்றும்? பித்தளைச் செம்பு வரைந்து, வாயை இலையால் மூடி, மஞ்சள் துணியும் கட்டி, காப்பாவை முருகன் கோயிலுக்கு அனுப்பிவிட்டார். நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மாதிரிச் சட்டைகளைப் பிரித்த ஜப்பானியப் பிரதிநிதி சிரித்துவிட்டார். பாத்திரமே கிடையாது, உச்சந்தலையிலேயே தட்டுப்போல் ஒரு குழி, அதில் ஆற்று நீர் என்று விளக்கினார். காப்பா மரியாதை தெரிந்த பூதமாம். யாராவது குனிந்து வணங்கினால் அதுவும் குனியும், நீர் கொட்டிவிடும், அத்தோடு அதன் பலம் தீர்ந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டார். நான் கையெழுத்திட்ட தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. வேலை போனால் இங்கே தங்கும் பெர்மிட்டும் போகும். நான் வாய் திறக்கவில்லை. லீலாவதி என்னை ஒருமுறை பார்த்தார்.

"மோ மெம், மிஸ்யே" என்றார். நான்தான், ஐயா.

மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பென்சில் பிடித்த கை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "ஊர்ல பாப்பா இருக்கு, அண்ணா" என்று மட்டும் சொன்னார். அதன்பின்னும் என்னைப் பார்த்தால் கைகூப்பி வணக்கம் சொல்வார். அதைத் தாங்க முடியாமல் நான் கிடங்கு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். பிறகு வேறு ஆலைக்கே போய்விட்டேன். இங்கே எனக்கு யாருமில்லை என்று இத்தனை வருஷம் புலம்பினேனே, அதில் பாதி நானே தேடிக்கொண்டது.

கோயிலில் அவரை அறிந்த உங்களில் பலர், கவனக்குறைவால் அவரைத் தூக்கியடித்தார்கள் என்றே கேள்விப்பட்டிருப்பீர்கள். கவனக்குறைவு என்னுடையது. ஆனால் இதைத் தமிழில் எழுதுவதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது. பேக்கிங்கில் அவரோடு நின்ற மாலாவுக்கும், அவருடைய தங்கைக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இது அச்சாகி வருமுன் பதினாறாம் நாள் காரியம் வரும். ட்ரியோலேக்குப் போகிறேன். அவரோடு பேசிப் பேசி வந்த கிரியோல்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதில் இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்: "பா தி சோ ஃபோட். தி மோ ஃபோட்."

அவர் தப்பு இல்லை. என் தப்பு.