புல்லுக்கு வெயில்

அறுபதுகளில் செம்பூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் டைப்பிஸ்டாக இருந்தேன். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறி, மடிப்புக் கலையாத புடவையோடு போய் இறங்குவேன். மனுஷருக்குக் காய்ச்சல் வந்தால் ஏனென்று கேட்க நாதியில்லாத இடம். புல் கொஞ்சம் மஞ்சளித்தால் கமிட்டி கூடிவிடும்.

ஒரு வருஷம், பந்து விழும் குழி ஒன்றைச் சுற்றியிருந்த புல் பாசி பிடித்துப் போயிற்று. புல்லைக் கவனிக்கும் மாலி பார்த்துவிட்டு, காலை வெயில் விழவில்லை, கிழக்கே நிற்கும் மூன்று தூங்குமூஞ்சி மரங்களை எடுத்தால் போதும் என்றார். அப்படியே டைப் அடித்து, மரம் வெட்ட அனுமதி கேட்டு முனிசிபாலிட்டிக்குப் போகவேண்டிய கடிதத்தை செக்ரட்டரி மேஜையில் வைத்தேன். மூன்றை அடித்து நான்கு என்று திருத்தி வந்தது. நாலாவது, மேற்கே நின்ற புங்கமரம்.

அந்த மரத்துக்கும் காலை வெயிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதில் ஒரு தூளி தொங்கியது, அவ்வளவுதான். தாராவியிலிருந்து களை பிடுங்க வரும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, தன் ஆறு மாதக் குழந்தையை அதில் போட்டுவிட்டு வேலை செய்வாள். அந்தப் பழம்புடவைத் தூளி மெம்பர்களின் கண்ணை உறுத்தியது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம், பழியைப் புல்லின் தலையில் போட்டார்கள். சீ, என்ன ஜென்மங்கள்.

"அது மேற்கேன்னா இருக்கு, சார்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பிழை இல்லாமல் நான்கு என்று அடித்துக் கொடுத்தேன். நல்ல டைப்பிஸ்ட் என்று எனக்குப் பெயர்.

நாலு மரமும் விழுந்தன. மறுவாரம் அவள் குழந்தையைத் தரையில் கிடத்தி, மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். குழந்தையின் முகமெல்லாம் வேர்க்குரு. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. டம்ளரைக் கொடுத்ததும், முதலில் அதன் தலையைத்தான் நனைத்தாள்.

"ஏம்மா, நீங்க படிச்சவங்க. புல்லுக்கு வெயிலு வேணும்னு எந்தப் பாவி எழுதிக் குடுத்தான்?"

"நேக்கென்ன தெரியும்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். தண்ணீர் கொடுத்ததற்கு, "நீங்க நல்லாயிருப்பீங்கம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.