சாயம் படாத சுவர்

ரெம்பியா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், நான் பிறந்த தொழிலாளர் லயத்து வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அங்கே எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட கைலி, தூக்கத்தில் நடப்பவர்போல மெதுவான நடை.

வீடெங்கும் புதுச் சாயம். ஓர் ஆணியைச் சுற்றி மட்டும் பழைய சுவரை அப்படியே விட்டிருந்தார். அங்கே சாய்வெயிலில் மங்கலாகச் சில சிவப்புப் பொட்டுகள்.

"உங்க சாமி எடம்லா, அண்ணே," என்றார் தோட்டத்துத் தமிழில். "அங்க சட்டைகூட மாட்டமாட்டேன்."

அம்மா முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்த ஆணி அது. குளிக்கப் போகுமுன் நெற்றிப் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டிவைப்பாள். அவள் போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன.

சாமியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், நான் கும்பிடட்டும் என்று அவர் ஒதுங்கி வாசலுக்குப் போய்விட்டார்.

கும்பிட்டேன்.