பகாவில் ஒரு பாலைவனம்

சில மாதங்களாக எண்ணெய் ஓவியம் பழகுகிறேன். பயிற்சிக்காக ஒரு பிரெஞ்சு ஓவியரின் பாலைவனப் படத்தைப் பார்த்து வரைந்தேன். நீண்ட அங்கி போட்ட மூன்று ஆண்கள் மணலில் நடந்து போகிறார்கள்.

எங்கள் எஸ்டேட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை மரம்தான். மணல் பார்க்க வேண்டுமென்றால் யாராவது வீடு கட்ட வேண்டும். இருந்தாலும் துணிந்தேன்.

இன்று அதை ஓவிய வகுப்பு ஆசிரியரிடம் காட்டச் சிரம்பானுக்குப் புறப்பட்டேன். “மனுசங்க இன்னும் சரியா வரல” என்பதைத் தவிர அவர் இதுவரை எதுவும் சொன்னதில்லை.

வழியில் பகாவில் ஒரு கடையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றின டீ, குடிக்க இறங்கினேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை. கார் சூட்டுக்குப் பயந்து படத்தைக் கையோடு கொண்டுபோனேன்.

கடைக்கார பாய் எட்டிப் பார்த்தார்.

“நீங்க வரைஞ்சதா தங்கச்சி? மூணு ஒட்டகமும் உயிரோட நிக்குதுலா!”

“பாய், அது மனுசங்க.”

“அப்ப முதுகுல மேடா இருக்கே?”

“அது தோளு.”

அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அந்த அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நடுவுல உள்ளது குட்டியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் கேட்டார். “கடையில மாட்டிக்கிறோம், தருவீங்களா? இவ்வளவு அழகான படம் நம்ம கடையில இல்ல.”

என் படத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர்கூட.

“ஆமாக்கா,” என்றேன். “குட்டிதான்.”

வகுப்புக்கு வெறுங்கையோடு போனேன். உங்கள் வீட்டுச் சுவருக்கும் ஒட்டகம் வேண்டுமென்றால் கீழே கமெண்டில் எழுதுங்கள். குதிரை கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்கு நான் முதலில் ஒரு பெண்ணை வரைந்து பழக வேண்டும்.