எட்டாவது ஆள்

அலவி பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார். சீசன் வந்தால் மாலையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மைதானத்தில் கோட்டோரம் நிற்பார். ஆள் மாற்றும்போது யார் வெளியே, யார் உள்ளே என்று பார்ப்பதுதான் வேலை. சொன்னால் ஒன்றுமில்லாத வேலை. மலப்புரத்தில் அதற்காகவே மண்டை உடைந்திருக்கிறது.

வெளியே வருகிறவன் கோட்டைத் தாண்டாமல் இன்னொருவனை அவர் உள்ளே விட்டதில்லை. ஊர்க் கமிட்டியின் இறுதி ஆட்டம் வரை அப்படித்தான்.

அன்று ஊர் அணியின் பெஞ்சில் அவரை அளியாக்கா என்று கூப்பிடும் மனைவியின் தம்பி முனீர் உட்கார்ந்திருந்தான். சீசன் முழுக்க உட்கார்ந்தே கிடந்தவன். ஆட்டம் முடியும் தறுவாயில், கோல் சமமாக இருக்கையில், கானா நாட்டு கோஜோவை எடுத்துவிட்டு முனீரை இறக்கச் சொன்னார்கள். அலவி எண் பலகையைத் தூக்கினார். கோஜோ எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தான். அங்கே ஜனம் கோட்டிலேயே கால் வைத்துத்தான் உட்கார்ந்திருக்கும். சரி, போய்விட்டான் என்று அலவி முனீரை விட்டார்.

கோஜோ போனது தண்ணீர் குடிக்க. பலகையை அவன் பார்க்கவேயில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்துவிட்டான். அடுத்த நொடி முனீர் தன் காலுக்கு வந்த முதல் பந்தையே வலைக்குள் அடித்துவிட்டான்.

கமுகு மரங்களால் கட்டிய கேலரி ஆடியது. அலவிக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குகிற மனிதர், கட்டிப் புரண்டவர்களையும் தன்னையறியாமல் எண்ணினார். எட்டு.

எதிரணி பந்தை நடுவில் வைத்துவிட்டது. விசில் ஊதி ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த கோலை எவனும் அசைக்க முடியாது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தால் போதும், காரியம் முடிந்துவிடும். அலவி ஓடினார்.

"வேலாயுதா, ஊதாதே! எட்டுப் பேர் இருக்கான்!"

கோல் செல்லாமல் போயிற்று. கேலரியிலிருந்து பாட்டில்கள் பறந்தன. நடுவர் வேலாயுதன் அலவியை இழுத்துத் தனியாக நிறுத்தினார்.

"பையன் தானா ஏறினானா, நீ விட்டியா? தானா ஏறினான்னா ஒரு மஞ்சள் கார்டு, முடிஞ்சுது. நீ விட்டேன்னா கமிட்டிக்காரன் உன்னக் கோட்டுப் பக்கமே சேக்கமாட்டான்."

அலவி வாயைத் திறப்பதற்குள் முனீர் முந்திக்கொண்டான். "நானாத்தான் ஏறினேன் சார். அளியாக்கா வேணாம்னு கத்தினாரு, நான் கேக்கல."

"பொய் சொல்றான்," என்றார் அலவி. "நான்தான் விட்டேன்."

கமிட்டிச் செயலாளர் வந்து கையை நீட்டினார். "பலகையக் குடுங்க இக்கா." அவ்வளவுதான் பேச்சு. அலவி கொடுத்தார்.

முனீருக்கு ஆத்திரம். "பொய் சொன்னது நான்தானே? உங்களுக்கு என்ன கொள்ளை போச்சு?"

"சொல்லாம ஏறினவன்னு பேரெடுத்தா எவன்டா உன்ன டீம்ல சேப்பான்? எனக்கு வேன் இருக்கு, பொழச்சுக்குவேன்."

முனீர் வலைப்பக்கம் திரும்பினான். "அந்த கோல்?"

"நல்ல கோல்டா," என்றார் அலவி. "நீ அடிச்சதுலயே அதுதான் நல்ல கோல்."

ஆட்டம் பாக்கியிருந்தது. அவர் வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.