ஆச்சா என்று கேட்டவர்

கல்யாணமான பதினெட்டாம் நாள் என் கணவர் துபாய்க்குப் போனார். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவு. அவர் திரும்பிப் போன மறுநாளிலிருந்து, திருவாரூர்ப் பக்கத்து எங்கள் தெருவே என் வயிற்றைப் பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது லீவில் ஒரு பத்திரிகைப் பக்கத்தை மடித்து எடுத்து வந்தார். டாக்டர் கேள்வி பதில். மனைவியும் உச்சம் அடைந்தால் கரு தங்கும் வாய்ப்பு கூடும் என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து கூச்சத்தை விட்டுக் காதருகே கேட்பார், "ஆச்சா?"

அது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஆசையாகக் கேட்கிற அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. "ஆச்சு" என்பேன். அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

அந்த லீவிலும் ஒன்றும் தங்கவில்லை. என் பொய்தான் காரணம் என்று நம்பினேன். இதை மாமியாரிடமா சொல்ல முடியும்?

அப்போதெல்லாம் எங்கள் வீடுகளில் கடிதத்தைவிடக் கேசட்தான். பேசிப் பதிவு செய்து, துபாய்க்குப் போகிறவரிடம் ஊறுகாய் பாட்டிலோடு கொடுத்துவிடுவோம். ஒரு பக்கம் மாமியாருக்கு, மறுபக்கம் எனக்கு. மாமியார் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் பேசினேன்.

"மச்சான், நீங்க கேட்டப்பல்லாம் ஆச்சுன்னு சொன்னது பொய்ங்க. ஒரு தடவகூட இல்ல. அடுத்த லீவுல கொஞ்சம் பொறுமையா இருங்க. புள்ள தங்கிடும்."

அங்கே ஒரே அறையில் இவரைத் தவிர எட்டுப் பேர், எல்லோரும் நம்ம பக்கத்து ஆட்கள். யாருக்குக் கேசட் வந்தாலும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்து கேட்பார்களாம். எனக்கு அது தெரியாது. மாமியார் பக்கம் முடிந்ததும் யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார். இவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் குரல் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தது. அந்த அறைக்காரர் ஒருவரின் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. செத்துப் போகலாம் போலிருந்தது.

மூன்று வருடம் கழித்துத்தான் வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தஞ்சாவூர் லேடி டாக்டரிடம் தனியாகப் போனேன். எனக்குக் குறை ஒன்றுமில்லை என்றார். வெட்கத்தை விட்டு, பத்திரிகையில் போட்டிருந்த அதையும் கேட்டேன்.

"உதவலாம்னு சிலர் சொல்றாங்கம்மா, நிரூபணம் இல்ல. அது இல்லாமலே எத்தனையோ பேருக்குக் குழந்தை பொறக்குது. உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, அவருக்கும் டெஸ்ட் எடுக்கணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "எட்டு பேருக்கு முன்னாடி நின்னது போதும்" என்றார். வரவேயில்லை.

பிள்ளை இல்லாததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பிள்ளைக்காகத்தான் கேட்டார் என்றாலும், என் சுகத்தைப் பற்றிக் கேட்ட ஒரே மனிதர் அவர். அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.