பாறையை விட்டுவிட்டுக் கட்டிய கூடம்

கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களுக்கான சமுதாயக் கூடம் ஒன்றுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மழையில் நனைந்த கருங்கல் குவியலின் வாசனை வந்ததும் மனசு நான் பிறந்து வளர்ந்த பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டை ஒட்டிய பாறையில்தான் தெருவே வேர்க்கடலை காயவைக்கும். அங்கே கூடம் கட்ட வந்த இன்ஜினியர், பாறைக்கு வெடி வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. அம்மா நேராகப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, பேஜாரு பண்ணாத," என்றார் அவர்.

"வெடி வெச்சியானா எனக்கு இங்கியே வலி வந்துடும் சார். நீதான் பிரசவம் பாக்கணும்."

"எனக்குக் கட்டடம் கட்டத்தாம்மா தெரியும்."

"அப்ப அத்தச் செய்யி. பாறைய உட்டுட்டு கட்டு."

நான் வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் வீரம் அன்றைக்கே அவ்வளவுதான். இன்ஜினியர் ஒரு டீ குடித்தார். பிறகு பாறையையே மேடையாக்கி, சுவரை அதைச் சுற்றி வளைத்து வரைந்தார். பத்தாம் நாள் தங்கச்சி பிறந்தாள்.

'இயற்கையோடு இயைந்த கட்டடம்' என்று இன்று கூட்டங்களில் என்னைப் பாராட்டுகிறார்கள். காப்பியடித்தது என்று நான் சொல்வதில்லை. அந்த இன்ஜினியரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தங்கச்சி வாரம் தவறாமல் போன் செய்து என்னோடு சண்டை போடுகிறாள். திட்டு வாங்கிக்கொண்டே அந்த மனிதருக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.